ராய்ஸின் குரலும் டெல்பர்ட்டின் காதும்

காலை ஏழரைக்குத் தொலைபேசி வந்தது. பேசி வைத்துவிட்டு, ராய்ஸ் டிட்வெல் இறந்துபோனதை நடீன் சொன்னபோது, அவள் கணவர் டெல்பர்ட் கிராவுஸுக்கு முதலில் வந்தது துக்கம் அல்ல. 'இனி ரேடியோவில் நாளெல்லாம் அவன் குரல்தான்' என்ற எரிச்சல்.

டெக்ஸஸின் லப்பக் ஊரில் அந்த எரிச்சலோடுதான் அவர் முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியிருந்தார். ராய்ஸ் வானொலி அறிவிப்பாளர். எழுபதுகளின் கடைசியில் ஊர்க் கம்பெனி ஒன்று, எழுத்துக்கூட்டக் கற்றுத்தரும் பேசும் பொம்மையைச் செய்தது. அதற்குச் சொற்களை வாசித்தவர் ராய்ஸ். ஒரு வார வேலை. அந்தக் குரலை அப்படியே வைக்கப் பொம்மைக்குள் இருந்த கணினிச் சில்லில் இடமில்லை. தொண்டையும் வாயும் கணத்துக்குக் கணம் எப்படித் திறந்து மூடுகின்றன என்பதை மட்டும் எண்களாக்கி வைத்தார்கள். அந்த எண்களைக் கொண்டு சில்லு ஒரு பொய்த் தொண்டையால் பேசும். கணினி போட்டுத்தந்த எண்களில் பாதிச் சொற்கள் தவளைபோலக் கத்தின. கேட்டுக் கேட்டு, எண் எண்ணாகத் திருத்தி, அதை மனுஷப் பேச்சாக்கியவர் அந்தக் கம்பெனியில் வேலைபார்த்த டெல்பர்ட். அதற்கு ஒரு வருஷம் பிடித்தது.

பள்ளிக்கூடங்கள் ராய்ஸை அழைத்துக் கைதட்டின. கடையில் அவரைக் கண்டால் நடீன்கூட, "எங்க வீட்டு டீச்சர் வந்தாச்சு!" என்பாள். டெல்பர்ட் தள்ளுவண்டியோடு இறைச்சிப் பக்கம் நழுவிவிடுவார்.

துக்க வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோன நடீன், ராய்ஸின் மனைவி வெர்லீனையே கூட்டிக்கொண்டு திரும்பினாள். வெர்லீன் கையில் அந்தப் பொம்மை.

"பேச மாட்டேங்குது டெல்பர்ட். நாளைக்கு சர்ச்ல, அவர் அடக்கத்துல, இது ஒரு வார்த்தையாவது பேசணும்."

"சில்லு செத்திருந்தா ஒண்ணும் பண்ண முடியாது."

"செத்திருந்தாதானே? முதல்ல திறந்து பாரு" என்றாள் நடீன். "பொறாமையை அப்புறம் வெச்சுக்கலாம்."

பேட்டரி கசிந்து கம்பிகளில் பச்சை பூத்திருந்தது. வினிகர் தொட்டுத் துடைத்துப் புது பேட்டரி போட்டார். பொம்மை பேசியது.

வெர்லீன் முகம் மாறிவிட்டது. "இது அவரில்ல."

"அவர்தானே வாசிச்சாரு?" என்றார் டெல்பர்ட்.

"வாசிச்சாரு. ஆனா பசங்க 'பொம்மை மாதிரி பேசுங்க'ன்னு கேப்பாங்க, அவருக்கு வரவே வராது. 'நீங்க டூப்பு'ன்னு சிரிப்பாங்க. வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னாடி நின்னு பழகிப் பாப்பாரு. 'அந்த கிராவுஸ் பய என் தொண்டையைத் திருடிட்டான்'னு திட்டுவாரு. சாகுற வரைக்கும் உங்க மேல அவ்வளவு வயித்தெரிச்சல்."

"சரியான ஜோடிதான் போ" என்றாள் நடீன்.

டெல்பர்ட்டுக்கு அது இனித்திருக்க வேண்டும். இனிக்கவில்லை. தன்னைப் பார்த்து எரிந்தவன் ஒருவன் இருந்திருக்கிறான். அது தெரிந்த அன்றே அவன் இல்லை.

"எந்த வார்த்தைன்னு நீங்களே சொல்லுங்க" என்றாள் வெர்லீன். "அவருக்கும் உங்களுக்கும் பொதுவா ஒண்ணு."

டெல்பர்ட் பொத்தான்களை அழுத்திச் சொல் சொல்லாகக் கேட்டார். சிலவற்றில் தன் திருத்தம் மட்டுமே கேட்டது. சிலவற்றில் எத்தனை தேய்த்தும் போகாத ராய்ஸின் டெக்ஸஸ் இழுப்பு. இருவரும் சரிசமமாகக் கேட்கும் சொல் ஒன்றும் அகப்படவில்லை.

அடக்கம் மறுநாள் இரண்டு மணிக்கு. வெர்லீன் விடைபெற்றுப் போகும்வரை அவர் எந்தச் சொல்லையும் தேர்ந்தெடுத்திருக்கவில்லை.