டெக்வென் சாத்திய கதவு

வசந்தம் பிறக்கிற நாட்களில் எங்கள் வீட்டு அடுப்பங்கரையில் ஆட்டுக்குட்டி கத்தாமல் இருந்ததே கிடையாது. வேல்ஸ் மலையில் செம்மறி வளர்க்கிற எல்லா வீட்டிலும் அப்படித்தான். குளிரில் விறைத்துப் பிறந்த குட்டியைத் தூக்கி வந்து, பழந்துணியில் சுற்றி, இரும்பு அடுப்பின் கீழ்த்தட்டில் கதவைத் திறந்தபடி கிடத்துவோம். கொஞ்ச நேரத்தில் அது எழுந்து கத்தும். அந்தப் பழக்கத்தை ஒரே ஆளாக நிறுத்தியவள் என் தம்பி பெண்டாட்டி டெக்வென்.

அவளை எனக்கு முதலில் அவ்வளவாகப் பிடிக்காது. பேசவே மாட்டாள், என்னால் பேசாமல் இருக்க முடியாது. ஆனால் வேலையில் சூரப்புலி. ஆட்டின் வயிற்றில் குட்டி குறுக்கே சிக்கினால், அவளுடைய சின்னக் கைதான் உள்ளே போய் நிமிர்த்தும். யாரையும் புகழாத என் அப்பா இட்வல்கூட, "அந்தக் கை தங்கம்" என்பார்.

போன வருஷம் குட்டி போடும் காலத்தில் அவள் ஐந்து மாதக் கர்ப்பிணி. சில ஆடுகள் குறைக்குட்டி போட்டன. அந்தச் செத்த குட்டிகளையும் நஞ்சுக்கொடியையும் அள்ளிப் போட்டவள் அவள்தான். பிறகு காய்ச்சல், மண்டைவலி. சாதாரண ஜுரம் என்று படுத்துக்கொண்டாள். முற்றிப்போய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோதும் ஆட்டைப் பற்றி நாங்கள் யாரும் மூச்சு விடவில்லை. ஆட்டைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டோம். பிள்ளை போய்விட்டது. அவள் பிழைத்ததே பெரும்பாடு. ஆட்டிலிருந்து வந்த தொற்று, கர்ப்பிணிக்கு எமன் என்று டாக்டர் சொன்னது அப்புறம்தான். அப்பா நம்பவில்லை. "காலங்காலமா ஆடு வளக்கிறோம், எங்களுக்கு வராததா?" என்றார்.

போன வருஷக் கடைசியிலேயே மறுபடி உண்டானாள். இந்த வருஷம் குட்டி போடும் காலம் வருமுன் ஒருநாள் அப்பா, தம்பி கெத்தின், நான் மூவரையும் மேஜையில் உட்கார வைத்தாள்.

"குட்டி போடுற காலம் முடியுற வரைக்கும் நான் கொட்டகைப் பக்கம் வரமாட்டேன். அங்க போட்ட பூட்ஸ், துணி எதுவும் வீட்டுக்குள்ள வரக்கூடாது. குட்டியும்தான்."

"குட்டி விறைச்சுச் சாகட்டுமா?" என்றார் அப்பா.

"கார் ஷெட்ல சூடு குடுக்கிற விளக்கு மாட்டிக்கலாம் மாமா."

"துணிய யாரு துவைக்கிறது?"

அவள், பக்கத்திலேயே தனி வீட்டில் இருக்கிற என்னைப் பார்த்தாள். "அண்ணி வீட்டு மெஷின் சும்மாதானே கிடக்கு."

"அடிப்பாவி! உங்க ஆட்டுப் புழுக்கையெல்லாம் என் தலையிலயா? பேசாம உங்கம்மா வீட்டுக்குப் போய் இரேன்."

"இது என் வீடு அண்ணி. வெளிய இருக்க வேண்டியது ஆடு, நான் இல்ல."

தினமும் மூட்டை மூட்டையாகத் துவைத்தேன். திட்டிக்கொண்டேதான் துவைத்தேன். அவளோ செக்கப்புக்குப் போனால் முதல் வார்த்தையாக, "எங்க வீட்ல ஆடு இருக்கு" என்பாள். "தெரியும்மா, போன தடவையும் சொன்ன" என்று நர்ஸ் சிரித்தாலும் அடுத்த தடவையும் சொல்வாள்.

ஒரு மழை நாளில் அப்பா பழக்கதோஷத்தில் குட்டியோடு நேரே அடுப்பங்கரைக்கு வந்தார். டெக்வென் அவர் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

"நான் கட்டின வீட்டுல எனக்கே கதவா?"

"ஷெட்டுக்குக் கொண்டு போங்க மாமா."

"இவ்வளவு வீம்பு ஆகாதுடி!"

"வீம்புதான்" என்றாள். குட்டி ஷெட்டு விளக்கடியில் பிழைத்துக்கொண்டது. அப்பாவின் கோபம்தான் ஆறவில்லை.

அடுத்த வாரம் சோதனை வந்தது. டெக்வென் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த வெள்ளைமூஞ்சி ஆட்டுக்குக் குட்டிகள் உள்ளேயே பின்னிக்கொண்டன. கெத்தினின் கை பெரிது, முழுசாக நுழையவில்லை. மாட்டு டாக்டர் மலைக்கு அந்தப் பக்கம் இருந்தார். அப்பா ஓடி வந்து ஜன்னலைத் தட்டினார்.

"கையுறை போட்டுக்கிட்டு ஒரே நிமிஷம் வாம்மா! உன் கை பட்டா போதும்!"

"முடியாது மாமா."

"நீ வளத்த ஆடுடி அது!"

"தெரியும்" என்றாள். கண்ணீர் தாரை தாரையாக ஓடியது. ஜன்னலைத் திறக்காமலே கத்தினாள்: "தலையப் பின்னால தள்ளச் சொல்லுங்க! முன்னங்கால் ரெண்டும் ஒரே குட்டியோடதான்னு பாக்கச் சொல்லுங்க!" அப்பா கொட்டகைக்கும் ஜன்னலுக்குமாக ஓடினார். ஒன்றும் பலிக்கவில்லை. ஆடும் செத்தது, குட்டிகளும் செத்தன.

"கொன்னுட்ட" என்று அப்பா அவளிடம் சொன்னார். எனக்கு வந்ததே ஆத்திரம்! "போன வருஷம் நம்ம வீட்ல செத்தது யாரு, அத மறந்துட்டீங்களா?" என்று கத்தினேன். அவர் அன்றிலிருந்து ஷெட்டிலேயே சாப்பிட்டார்.

மாட்டு டாக்டர் செத்த குட்டிகளைச் சோதனைக்கு எடுத்துப்போயிருந்தார். சில நாள் கழித்து முற்றத்தில் நாங்கள் நிற்கும்போது கெத்தினுக்குப் போன் செய்தார். போன வருஷத்து அதே நோய்தான். "வீட்ல கர்ப்பிணி இருக்காங்களே, தொட்டாங்களா?" என்று கேட்டார். "இல்ல, தொடவே இல்ல" என்றான் கெத்தின்.

அப்பா கல்சுவரில் உட்கார்ந்துவிட்டார்.

"எலினெட், உனக்கும் கெத்தினுக்கும் நடுவுல உங்கம்மாவுக்கு மூணு பிள்ள வயித்துலயே போச்சே. எப்போன்னு ஞாபகம் இருக்கா?"

யோசித்தேன்.

"மூணும் குட்டி போடுற நேரத்துல" என்று அவரே சொன்னார். "அவ உடம்புதான் சரியில்லன்னு ஊரே பேசிச்சு. நானும் பேசினேன். ஒவ்வொரு தடவையும், வா, ஒரு கை புடின்னு கூப்பிட்டது நான்தானே."

அதுதான் காரணமா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். அப்பா அழுது நான் பார்த்தது அன்றுதான்.

சாயங்காலம் மழையில், முற்றத்துக் குழாயடியில், அந்தக் கிழவர் கோவணாண்டிபோல் உள்ளாடையோடு நின்று முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுத் தேய்த்தார். பிறகு வந்து தன் வீட்டுக் கதவையே தட்டினார்.

"டெக்வென், உள்ள வரலாமா?"

அவள் ஜன்னல் வழியாக ஏற இறங்கப் பார்த்தாள். "தலையையும் தேய்ங்க மாமா."

முணுமுணுக்காமல் குழாயடிக்குத் திரும்பிப் போனார்.

ஜூலையில் பெண் பிறந்தது, முழுமாசக் குழந்தை. ஆஸ்பத்திரிக்கு அப்பா கல்யாணக் கோட்டு போட்டு வந்தார். கட்டிலுக்குத் தள்ளியே நின்று, இரண்டு கைகளையும் நீட்டி, முன்னும் பின்னும் திருப்பிக் காட்டினார்.

"தலையும் தேய்ச்சுட்டேன்மா" என்றார்.

டெக்வென் பிள்ளையைத் தூக்கி அவர் கையில் கொடுத்தாள்.