கேமராவுக்குள் விளைந்த உப்பு

2005 கோடையில் மரக்காணம் உப்பளத்தில் படப்பிடிப்பு. நான் கேமரா உதவியாளர். வாடகைக்கு எடுத்த டிஜிட்டல் கேமரா ஒருநாள் மதியம் சூடேறி நின்றுவிட்டது. சென்னையிலிருந்து மெக்கானிக் வருவதற்குள் வெளிச்சம் போய்விடும். வேறு வழியில்லாமல் குடைக்கு அடியில் உட்கார்ந்து, பேட்டரியைக் கழற்றிவிட்டு, நானே பின்மூடியைத் திறந்தேன்.

உள்ளே இருந்த சின்ன விசிறி இறுகிப்போயிருந்தது. சூட்டை வெளியேற்றும் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. லென்ஸ் ஒன்றைத் திருப்பிப் பிடித்து, பூதக்கண்ணாடிபோல் வைத்துப் பார்த்தேன். குட்டிக் குட்டிச் சதுரங்கள், வரிசை வரிசையாக, கண்ணாடிபோல் மின்னின.

பக்கத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்த செல்வியக்கா எட்டிப் பார்த்தார். லென்ஸை அவரிடம் கொடுத்தேன்.

“ஐயே, உப்புங்க! நாங்க வெயில்ல நின்னு வெளைய வெக்கிறத, உங்க பொட்டி உள்ளாற உக்காந்தே வெளைய வெச்சிருக்குது பாருங்க!”

விசிறி இழுத்த கடல்காற்றின் உப்பு ஈரத்தைக் கேமராவின் சூடு காயவைத்திருக்கிறது. உலர்ந்த பிரஷ்ஷால் தகடு தகடாகத் தட்டி, ஊதி, விசிறியை விரலால் சுழற்றிவிட்டேன். பேட்டரியைப் போட்டதும் அது மெல்ல இரைந்தது.

ஒரு வாரமாக நாங்கள்தான் உப்பளத்தைப் படம் பிடிக்கிறோம் என்று நினைத்திருந்தேன். அதுவோ சத்தமில்லாமல் எங்கள் கேமராவுக்குள் வந்து ஒரு பாத்தி கட்டியிருந்தது.