தேதி உதிராமல் போன தவளைச் சத்தம்

முதலில் பத்து ஒலிக்கோப்புகளை மட்டும் அனுப்பிப் பார்த்தேன். அங்கே போய்ச் சேர்ந்தவற்றின் பட்டியலைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். படம் வந்தது. பத்துக்கும் ஒரே தேதி, அன்றைய செவ்வாய்க்கிழமை. ஆறு ஆண்டுகளில் வெவ்வேறு விடியற்காலைகளில் நான் பதிவு செய்தவை அவை.

வல்லத்திராக்கோட்டையில், பால் சொசைட்டியில் பால் பரிசோதிக்கும் வேலை எனக்கு. வேலைக்குப் போகும் முன், ஐந்து மணிக்கெல்லாம் கண்மாய்க்கரையில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்து அரை மணி நேரம் தவளைச் சத்தத்தைப் பதிவு செய்வேன். கொல்லையில் மழைமானி ஒன்று உண்டு. அதன் அளவையும் மழை பெய்த நேரத்தையும் நோட்டில் எழுதிவிடுவேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. மழைக்கு முன்பே தவளை கத்தும் என்று ஒரு புத்தகத்தில் படித்தேன், மழை பெய்த பிறகுதான் என்று இன்னொன்றில். எழுதிய இரண்டு பேருமே எந்த ஊரில், எந்தத் தேதியில் கேட்டார்கள் என்று எழுதவில்லை. அந்த எரிச்சலில் தொடங்கியது இது.

வெளியூர் ஆய்வுக்குழு ஒன்று இதைக் கேள்விப்பட்டு என் பதிவுகளைக் கேட்டது. நூற்றுக்கணக்கான கணினிகளை ஒன்றாகப் பிணைத்து வேலை வாங்கும் பெரிய கணினி ஒன்றில் அவர்களுக்கு ஒரு வாரம் ஒதுக்கியிருந்தார்கள். அதில் போட்டால் எந்த விடியலில் எந்தத் தவளை கத்தியது என்று பிரித்துச் சொல்லிவிடுமாம். திங்கட்கிழமை வேலை தொடங்கும். அதற்குள் ஒலிப்பதிவுகள் அங்கே இருக்க வேண்டும். இணையப் பக்கம் ஒன்றைத் திறந்து அதில் ஏற்றச் சொன்னார்கள். அதில் ஏற்றிய பத்துக்குத்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை.

அந்தக் குழுவில் தரவு வாங்கும் பொறுப்பில் இருந்த தம்பிக்குப் போன் செய்தேன்.

"ஏத்துன நேரத்தை அது தேதியா எடுத்துக்கும் மேடம். எல்லாரும் அப்படித்தான் அனுப்புறாங்க. உள்ள சத்தம் மாறாதுல்ல?"

"சத்தம் மாறாது தம்பி. மழைக்கு முன்னாடி கத்துச்சா, பின்னாடி கத்துச்சான்னு அந்தச் சத்தமே வந்து சொல்லுமா?"

"அப்ப தேதியைத் தனியா ஒரு பட்டியலா அடிச்சுக் குடுத்துடுங்க."

அதுதான் முடியாது. நினைவு அட்டை நிறைந்து அதை அழித்துக் காலியாக்கும் ஒவ்வொரு முறையும் என் கருவி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கும். ஒன்றாம் எண் கோப்பு மட்டும் என்னிடம் எழுபதுக்கு மேல் இருக்கிறது. பெயரில் தேதி கிடையாது, ஒவ்வொன்றுக்கும் கையால் பெயர் மாற்ற நாளும் இல்லை. நோட்டில் மழை இருக்கிறது, கோப்பில் தவளை இருக்கிறது, இரண்டையும் சேர்ப்பது கோப்பின் மேல் கருவி குத்திய தேதி மட்டுமே. அது போனால் ஆறு ஆண்டுகளும் வெறும் இரைச்சல்.

ஹார்டு டிஸ்க்கைக் கூரியரில் அனுப்பட்டுமா என்று கேட்டேன். அனுப்பினால் அவர்களும் அதே பக்கத்தில்தான் ஏற்றுவார்களாம்.

வேறு வழி உண்டா என்று புதன்கிழமை முழுக்கப் படித்தேன். அந்தப் பெரிய கணினிக்குள் நேராகக் கோப்புகளைக் கொண்டு சேர்க்கும் கட்டளை ஒன்று இருந்தது. அதில் ஓர் எழுத்தைச் சேர்த்தால் கோப்பு தன் பழைய தேதியோடு போகும். நடுவில் கரண்டு போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் அதற்கு அங்கே ஒரு கணக்கு வேண்டும். தம்பியை மறுபடி அழைத்தேன்.

"ஆராய்ச்சியாளர்களுக்கு மட்டும்தான் அக்கவுண்ட் மேடம். விண்ணப்பத்துல நிறுவனம்னு ஒரு இடம் இருக்கு. காலியா விட்டா ஏத்துக்காது. உங்களுக்கு..."

"எனக்கு நிறுவனம் இல்ல. கண்மாய்தான் இருக்கு."

"எங்க குழுவோட ப்ரொஃபஸர் உங்க பதிவு இல்லாமலே ஆரம்பிச்சிடுவாங்க மேடம்."

"ஆரம்பிக்கட்டும். அக்கவுண்ட் இல்லைன்னா என் தவளையும் இல்லன்னு சொல்லிருங்க."

போனை வைத்தேன். சவூதியிலிருந்து லீவில் வந்திருந்த என் வீட்டுக்காரர் கட்டிலில் படுத்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏ புள்ள, அந்தத் தவளையெல்லாம் செத்தே போயிருக்கும். ஒனக்குத்தான் இன்னும் தேதி தேவைப்படுது."

"செத்ததுக்குத்தாங்க தேதி ரொம்ப முக்கியம்."

"பேசாம அனுப்பி விட்டுட்டு வேலையைப் பாரு. பெரிய எடத்துல கேக்குறாங்க."

"பெரிய எடம்னா கேட்டபடி குடுத்துறணுமா? நம்ம சொசைட்டியில தண்ணி கலந்த பாலை, பெரிய வீட்டுப் பால்னு நான் எடுத்துக்குறேனா?"

அவர் சிரித்துவிட்டு அங்கிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை பதில் இல்லை. அன்று நாற்பது முறையாவது போனை எடுத்துப் பார்த்திருப்பேன். ஆனால் நானாக அழைக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை, பால்மானி கையில் இருக்கும்போது போன் அடித்தது.

"ப்ரொஃபஸர் கையெழுத்துப் போட்டுட்டாங்க மேடம். விண்ணப்பம் அனுப்பியிருக்கேன். அந்த நிறுவனம் மட்டும்..."

வரிசையில் நின்றவர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு அங்கேயே நிரப்பினேன். நிறுவனம்: கண்மாய்க்கரை, வல்லத்திராக்கோட்டை.

"இதை ஏத்துக்குமா மேடம்?"

"காலியா விட்டாத்தான் ஏத்துக்காதுன்னு நீங்கதான சொன்னீங்க."

ஏற்றுக்கொண்டது.

எங்கள் வீட்டு இணைப்பில் எல்லாம் போய்ச்சேர எட்டு நாள் ஆகும். இருந்தது மூன்று நாள். அதனால் ஆறு ஆண்டுகளின் ஐப்பசியையும் கார்த்திகையையும் மட்டும் முதலில் அனுப்பினேன். கேள்விக்கு விடை இருந்தால் அந்த மாதங்களில்தான் இருக்கும். இரண்டு முறை கரண்டு போனது. இரண்டு முறையும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை கடைசிக் கோப்பு போனது.

திங்கட்கிழமை காலை, வேலையைத் தொடங்கும் முன் தம்பி அழைத்தார்.

"எல்லாம் வந்துருச்சு மேடம். தேதியோட."

"முதல் வரியை வாசிங்க."

"அக்டோபர் பதினெட்டு, காலை அஞ்சு மணி ஏழு நிமிஷம்." ஆண்டையும் சொன்னார்.

நோட்டைப் புரட்டினேன். காலையில் வானம் தெளிவு, தவளைச் சத்தம் பலம், மாலை நாலரைக்கு நல்ல மழை என்று இருந்தது.

"சரியா இருக்கு தம்பி. அடுத்தது."

"எல்லாத்தையுமா மேடம்? முந்நூறுக்கு மேல இருக்கு!"

"வாசிங்க. நான் இன்னைக்கு லீவு போட்டுருக்கேன்."