தொண்ணூற்றெட்டை இறக்கி எக்ஸ்பியை ஏற்றினேன்

கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலுக்கு வருகிறவன் ஸ்க்ரூடிரைவர் பிடிக்கப் பழகுவதற்கு முன்னால் அதிர்ச்சியைத் தாங்கப் பழக வேண்டும். கரண்ட் ஷாக்கைச் சொல்லவில்லை, அதற்கு ரப்பர் செருப்பு போதும். வாடிக்கையாளர் கொடுக்கிற ஷாக்குக்குத்தான் கடையில் ஒன்றும் கிடைப்பதில்லை. மொபெட்டில் முன்னால் மானிட்டரையும் பின்னால் சிபியுவையும் கட்டிக்கொண்டு திருப்பூர்ச் சந்துகளில் அலைந்த சகோதரர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் சிரிப்பார்கள், நீங்கள் பெருமூச்சு விடுவீர்கள்.

மொதலாளி தந்த வாக்கு

திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி. குழந்தைகள் போடுகிற டீ ஷர்ட்தான் அவர்களுடைய சரக்கு. முதலாளி பெயர் சுப்பிரமணியம். கேட் வாட்ச்மேன் முதல் நான் வரை எல்லோருக்கும் அவர் ‘மொதலாளி’தான். ஆபீசில் இருந்த கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றிலும் விண்டோஸ் தொண்ணூற்றெட்டு ஓடிக்கொண்டிருந்தது. எக்ஸ்பி வந்து சில வருடங்கள் ஆகியும், ‘இனி தொண்ணூற்றெட்டுக்கு நாங்கள் பொறுப்பில்லை’ என்று அதைச் செய்தவர்களே கைகழுவிய பிறகும், இங்கே யாரும் அசைந்து கொடுக்கவில்லை. ஓடுகிற வண்டியை எதற்கு மாற்றுவது என்பது அவர்கள் கட்சி.

அசைத்தது, சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர். இந்த சீசனிலிருந்து அட்டைப்பெட்டிகளின் மேல் ஒட்டுகிற ஸ்டிக்கரைத் தங்கள் இணையதளத்தில் இருந்துதான் பிரிண்ட் எடுக்க வேண்டும், அந்த ஸ்டிக்கர் இல்லாத பெட்டியைக் கப்பலில் ஏற்ற வேண்டாம் என்று மெயில் அனுப்பிவிட்டான். அந்த இணையதளமோ தொண்ணூற்றெட்டில் திறக்கவே மாட்டேன் என்கிறது. கப்பலைத் தவறவிட்டால் சரக்கை ஏரில், அதாவது விமானத்தில், அனுப்ப வேண்டும், அதுவும் கம்பெனி செலவில். ‘ஏர்ல போயிருச்சு’ என்று எங்கள் ஊரில் யாராவது சொன்னால், துக்கம் விசாரிக்கிற முகத்தோடுதான் கேட்டுக்கொள்வோம். லாபமெல்லாம் அந்த ஒரே பயணத்தில் கரைந்துவிடும்.

நான் பெரிய திட்டமாகப் போட்டுக்கொண்டு போனேன். முதலில் எல்லா மெஷினையும் பார்ப்பது, பிறகு ஃபைல்களை பேக்கப் எடுப்பது, ஒரு புது மெஷினில் எக்ஸ்பி போட்டு ஸ்டிக்கர் வருகிறதா என்று பார்ப்பது, அதன் பிறகு மற்றவற்றை மாற்றுவது. ‘ஷிப்மெண்டுக்குள்ள முடிச்சுத் தர்றேனுங்க’ என்று தைரியமாகச் சொன்னேன். முதலாளி காபியை ஆற்றிக்கொண்டே, குரலைக்கூட உயர்த்தாமல் சொன்னார்.

“முடிச்சுக் குடுத்தா சந்தோசமுங்க. ஏர்ல போறாப்ல ஆச்சுன்னா, அதே பிளேன்ல நீங்களும் ஏறிக்குங்க. திருப்பூர்ப் பக்கம் திரும்பி வந்துராதீங்க.”

உள்ளே இருந்த மெத்தை

முதலில் முதலாளியின் சொந்த மெஷினைத் திறந்தேன். திறந்தவுடன் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உள்ளே போர்டும் இல்லை, ஒயரும் இல்லை, வெறும் பஞ்சு. கட்டிங் ஹாலில் இருந்து பறந்து வந்த துணித் துகள் வருடக்கணக்காக உள்ளே படிந்து, ஒரு குழந்தையைப் படுக்க வைக்கிற அளவுக்கு மெத்தையாகக் கிடந்தது. பஞ்சுக்கு நடுவில் ஃபேன் எப்படியோ சுற்றிக்கொண்டிருந்தது. வெள்ளை, நீலம், ரோஸ் என்று அடுக்கடுக்காக இருந்தது. எந்த வருடம் எந்தக் கலர் ஆர்டர் ஓடியது என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் டாகுமெண்டேஷன் பார்க்கிற ஷீலாவையும் கணக்குப் பார்க்கிற ராமசாமி அண்ணனையும் கூப்பிட்டு அந்தக் கோலத்தைக் காட்டினேன். ஷீலா தாராபுரத்துப் பெண், சொன்னதை அப்படியே செய்கிறவள். ‘புது மெஷின் வரப்போவுது. ஒரு பொட்டுப் பஞ்சு உள்ள போகக் கூடாது, சொல்லீட்டேன்’ என்று கண்டிப்பாகச் சொன்னேன். அவள் பயந்துபோய்த் தலையாட்டினாள். பிறகு ப்ளோயரை எடுத்து முதலாளியின் மெஷினைச் சுத்தம் செய்யப் போனேன். முதலாளி பாய்ந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய முதல் ஆர்டர் அந்த மெஷினில்தான் வந்ததாம்.

“அதத் தொடாதீங்க! மத்ததுல என்னத்த வேணாலும் ஏத்திக்குங்க. இது என்ற ராசி மெசினு, அந்தப் பஞ்சும் ராசிப் பஞ்சுதானுங்க.”

குத்தப்பட்ட பேக்கப்

அடுத்தது பேக்கப். பழைய பேக்கிங் லிஸ்ட், அளவு சார்ட், இன்வாய்ஸ் எல்லாவற்றையும் ஷீலா ஃப்ளாப்பிகளில் காப்பி செய்தாள். எது எந்த ஃப்ளாப்பி என்று பிறகு குழப்பம் வரக் கூடாது அல்லவா, ‘ஒவ்வொண்ணுலயும் பேர் எழுதி ஒட்டிக் குடும்மா’ என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனேன். ஷீலாவுக்கு வேலை மேல் வேலை. ஃப்ளாப்பிகளைப் பேக்கிங் செக்‌ஷனுக்குக் கொடுத்தனுப்பி, பேர் போட்டுத் தரச் சொல்லிவிட்டாள்.

சாப்பிட்டுவிட்டு வந்தேன். ஒவ்வொரு ஃப்ளாப்பியும் தனித்தனி பாலிபேக்கில், டீ ஷர்ட் போல அழகாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. ஒவ்வொன்றிலும் கம்பெனி டேக் தொங்கியது. டேக்கில் எழுத்து முத்து முத்தாக இருந்தது. பரவாயில்லையே என்று ஒன்றைக் கையில் எடுத்தேன், கை அப்படியே நின்றுவிட்டது. சட்டையில் ஊசியால் குத்தி அட்டையைத் தொங்கவிடுகிற டேக் கன்னால் அடித்திருந்தார்கள். துணியில் அடிப்பது போல பிளாஸ்டிக்கில் ஊசி இறங்கவில்லை. ஆனாலும் விடாமல், ஓரத்தில் இருக்கிற தகட்டை நகர்த்தி, ஃபைல்கள் பதிந்திருக்கிற ஃபிலிமைக் கண்டுபிடித்து, அதில் குத்தி நூலைக் கோத்துவிட்டிருந்தார்கள். ஒன்று பாக்கியில்லை. எல்லாவற்றுக்கும் காது குத்தியாகிவிட்டது.

நான் அங்கேயே அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன். நல்லவேளை, பழைய மெஷின்களில் இன்னும் எதையும் அழிக்கவில்லை. அழித்திருந்தால் அன்றைக்கே நான் பிளேன் ஏற வேண்டியதுதான். பேக்கிங் சூப்பர்வைசர் அக்கா என் முகத்தைப் பார்த்து, தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். பிறகு பெருமையாகச் சொன்னார்.

“டேக் அடிக்காம ஒரு பீஸக்கூட எங்க செக்‌ஷன்ல இருந்து வெளிய உட மாட்டோமுங்க.”

ராகு காலம்

மறுபடி காப்பி எடுத்தோம், இந்த முறை சிடியில், அதுவும் என் பையை விட்டு இறங்காமல். ஷீலாவுக்குப் புது மெஷின் வந்தது. வெள்ளிக்கிழமை காலையில் நல்ல நேரம் பார்த்து, சாமி கும்பிட்டு, முதலாளி கையாலேயே எக்ஸ்பி சிடியைப் போட வைத்தேன். அது பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது. அவர் பக்கத்தில் நாற்காலி போட்டுக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பின்பக்கம் போய் பிரிண்டர் கேபிளைச் சரிபார்த்தேன்.

எக்ஸ்பி பாதியில் ஒருமுறை தானாக அணைந்து, மறுபடி தானாகவே ஆரம்பிக்கும் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். அவருக்குத் தெரியாது. திரை கறுத்தது, மறுபடி வெளிச்சம் வந்தது, அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பத்தரை. ‘டப்’ என்று ஒரு சத்தம். எழுந்து பார்த்தால் பிளக் அவர் கையில் இருக்கிறது. எக்ஸ்பி ஏறியும் ஏறாமலும் நின்றுபோன மெஷினைப் பார்க்கிறேன், அவரைப் பார்க்கிறேன். அவருக்கோ என்னைவிட அதிர்ச்சி.

“ஏனுங்க, ராகு காலத்துல அது புதுசா ஆரம்பிக்குது, நீங்க அந்தப்பக்கம் கேபிளப் புடிச்சுட்டு நிக்கறீங்களே!”

கோயிலைக் காணோம்

ராகு காலம் முடிந்த பிறகு முதலில் இருந்து எல்லாவற்றையும் போட்டு முடித்தேன். ஸ்டிக்கரும் வந்தது. மற்ற மெஷின்களையும் ஒவ்வொன்றாக மாற்றினேன். ராமசாமி அண்ணன் முருக பக்தர், அவருடைய பழைய திரையில் மலைக்கோயிலுக்கு முன்னால் முருகன் வேலோடு நிற்பார். காலையில் அவரைக் கும்பிட்டுவிட்டுத்தான் அண்ணன் கணக்கைத் திறப்பார். எக்ஸ்பி போட்டதும் முருகன் போய், எல்லோருக்கும் தெரிந்த அந்தப் பச்சைப் புல்மேடும் நீல வானமும் வந்துவிட்டன. அண்ணன் வந்து உட்கார்ந்தார், பார்த்தார், நாற்காலியில் இருந்து எழுந்துவிட்டார்.

“மல இருக்குதுங்க... மேல கோயலக் காணமுங்களே!”

நான் இருந்தால் ஓடும்

முருகனைத் திரும்ப வரவழைத்து, எல்லாம் முடிந்தது என்று நான் நிம்மதியாகத் தூங்கப் போன வாரத்தில்தான் போன் வர ஆரம்பித்தது. ஷீலாவின் புது மெஷின் வேலை செய்துகொண்டே இருக்கும்போது தானாக அணைந்துவிடுகிறதாம். போனேன். நான் இருக்கும்வரை அருமையாக ஓடியது. திரும்பி வந்தேன், மறுபடி போன். யுபிஎஸ்ஸை மாற்றினேன். வைரஸ் பார்த்தேன். ஒருநாள் மெஷினையே கடைக்குத் தூக்கிவந்து ஓட விட்டேன், பொழுதெல்லாம் சோர்வில்லாமல் ஓடியது. கொண்டுபோய் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் போன். என் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

ஷிப்மெண்ட் நாளும் வந்தது. தூத்துக்குடி போகிற லாரி கேட்டில் நிற்கிறது. பெட்டிகள் அடுக்கித் தயாராக இருக்கின்றன. பாதிப் பெட்டிக்குத்தான் ஸ்டிக்கர் வந்திருக்கிறது, மெஷின் அணைந்து அணைந்து போகிறது என்று முதலாளியே கூப்பிட்டார். ‘பிளேன் டிக்கெட் போடட்டுங்களா?’ என்று மட்டும் கேட்டார். அருள்புரத்தில் ஒரு வேலையில் இருந்தவன், ‘கிளம்பிட்டேன்’ என்று வழக்கமாகப் பண்ணுகிற போனைக்கூடப் பண்ணாமல் வண்டியை முறுக்கினேன்.

லோடுமேன்களைத் தாண்டி, கதவைத் தட்டாமல் ஷீலாவின் அறைக்குள் நுழைந்தேன். நுழைந்தவன் சிலையாக நின்றேன். புது சிபியு பனியன் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கவர் என்று சொன்னால் பாவம். நல்ல கெட்டியான மஞ்சள் இண்டர்லாக் துணியில், கழுத்துக்கு ரிப் வைத்து, அடியில் எலாஸ்டிக் கோத்து, அளவெடுத்துத் தைத்த பனியன். முன்பக்கம் கம்பெனி லேபிள், பக்கத்துத் தையலில் எப்படித் துவைப்பது என்று சொல்கிற வாஷ் கேர் லேபிள். ஒரு ஓட்டைகூட வெளியே தெரியவில்லை. காற்று போக வழி கிடையாது. தொட்டுப் பார்த்தேன், தோசைக்கல்லில் கை வைத்தது போல இருந்தது. அத்தனை சூட்டில் அது அணையாமல் வேறென்ன செய்யும்? ‘இதென்ன, நான் வர்றப்ப இல்லவே இல்லியே!’ என்று கத்திவிட்டேன். ஷீலாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“நீங்க போன் பண்ணுனதும் கழட்டி வெச்சுருவேனுங்க, சார் வர்றப்போ மெசினு மூடிக் கெடந்தா மரியாதையா இருக்காதுன்னு. ஒரு பொட்டுப் பஞ்சு போகக் கூடாதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க... அதுவுமில்லாம, ஏசி ரூமுல வெறும் மேலோட நிக்குதுங்களே, குளுராதுங்களா?”

லாரி கிளம்பியது

பதில் சொல்ல நேரம் இல்லை. ஈரத்தில் நனைந்த குழந்தைக்குச் சட்டை கழற்றுவது போல, பிடித்து இழுத்து இழுத்துக் கழற்றினோம். அவ்வளவு ஃபிட்டாகத் தைத்திருந்தார்கள். டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்து, சூடு தணியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். முதலாளி வாசலில் நிற்கிறார். லாரி டிரைவர் ஹாரன் அடிக்கிறான். சுவிட்சைப் போட்டேன். வந்தது. இணையதளம் திறந்தது. ஸ்டிக்கர் ஒவ்வொன்றாக பிரிண்டரில் இருந்து இறங்க, பேக்கிங் செக்‌ஷனே ஓடி வந்து வாங்கிப்போய் ஒட்டியது. கடைசிப் பெட்டி ஏறி லாரி கேட்டைத் தாண்டும்வரை மெஷின் கண் சிமிட்டவில்லை. ஷீலா சிலுவை போட்டுக்கொண்டாள், ராமசாமி அண்ணன் தன் திரையைப் பார்த்துக் கும்பிட்டார், நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். சரக்கு கப்பலில்தான் போனது.

முதலாளி உள்ளே வந்து, கழற்றிப் போட்ட அந்த மஞ்சள் பனியனை எடுத்து, தொழில் புத்தி விடாமல் துணியை விரலால் தேய்த்துப் பார்த்தார், தையலை இழுத்துப் பார்த்தார். குறை ஒன்றும் கிடைக்கவில்லை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம், வயிறு முட்டப் பஞ்சோடு, தொண்ணூற்றெட்டில் ஓடிக்கொண்டிருந்த தன் ராசி மெஷினை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். நன்றி சொல்லப் போகிறார் என்று நான் முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

“என்ற பழசு இத்தன வருசமா பஞ்சையே தின்னுட்டு வேல செய்யுதுங்க. உங்க புதுசு ஒரு பனியனத் தாங்க மாட்டீங்குதே!”

உலகத்துக்கே பனியன் போட்டு அனுப்புகிற ஊரில், வெறும் மேலோடு நிற்கிற உரிமையைக் கம்ப்யூட்டருக்கு மட்டும் வாங்கிக் கொடுத்ததுதான் இத்தனை வருட சர்வீஸில் என் சாதனை.