துண்டுக்குள் இரண்டு காலேஜ்

ஆம்பூர் தோல் மண்டியில் அமீர் பாஷாவுக்குக் கடை கிடையாது, கிடங்கு கிடையாது, கல்லாப்பெட்டியும் கிடையாது. தோளில் ஒரு கட்டம் போட்ட துண்டு உண்டு. அவருடைய பிழைப்பு முழுவதும் அந்தத் துண்டுக்கு அடியில்தான் நடந்தது. பச்சைத் தோல் கொண்டு வருகிறவனுக்காக, தோல் பதனிடுகிற டேனரி முதலாளிகளிடம் விலை பேசித் தருகிற தரகர் அவர். துண்டை விரித்து மூடிக்கொண்டு உள்ளே கையோடு கை கோத்துக்கொள்வார்கள். எந்த விரலைப் பிடித்தால் என்ன விலை என்று இரண்டு பேருக்கும் தெரியும். சுற்றி நிற்கிறவர்களுக்கு முகம்தான் தெரியும், முகத்தில் ஒன்றும் தெரியாது.

மண்டியில் அவருக்குப் பேர் வாங்கித் தந்தவை இரண்டு பழக்கங்கள். கேட்ட முதல் ஆளுக்குச் சரக்கைக் கொடுக்கவே மாட்டார். இன்னொருவரிடமும் காட்டிவிட்டு, அந்தச் சேதியை முதல் ஆளின் காதில் விழ வைப்பார். அதன் பிறகு வாயைத் தைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். தரகன் தேடிப் போனால் விலை இறங்கும், வாங்குகிறவன் தேடி வந்தால் ஏறும் என்பது அவர் கட்சி. அதில் அவர் தோற்றதே இல்லை. ஒரு தடவையாவது தோற்றிருந்தால் மனிதர் பிழைத்திருப்பார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றில் அவர் மகன் ஆபித் பாஷா எஸ்.எஸ்.எல்.சி. தேறினான். அந்தத் தெருவில் அதுவரை யாரும் தேறியதில்லை. அவன் அம்மா அஜீஸுன்னிசா வீடு வீடாகச் சர்க்கரை கொடுத்துவிட்டு வந்தாள்.

ஆபித்துக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. ஆவாரம் பட்டைத் தண்ணீரில் ஊறின தோல் மட்டும் ஏன் அழுகாமல் நிற்கிறது என்று சின்ன வயதிலிருந்தே கண்டவர்களையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான். "அல்லா அப்படி வச்சிருக்கான், போடா" என்பதுதான் கிடைத்த பதில். மதராஸில் ரசாயனம் படித்தால் தெரியும் என்று பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் சொல்லிவைத்தார். அன்றிலிருந்து பையனுக்கு மதராஸ் பைத்தியம் பிடித்துவிட்டது.

முதலில் கூப்பிட்டு அனுப்பியவர் ஹாஜி ஷபீ அஹமது. பெரிய டேனரிக்காரர், வருஷத்துக்கு ஒரு பையனைத் தம் செலவில் படிக்க அனுப்புகிறவர்.

"அமீர், உன் மவனை அலிகர் சர்வகலாசாலைக்கு அனுப்பறேன். எங்கெங்கிருந்தோ நம்ம பசங்க வந்து ஷெர்வானியும் தொப்பியுமா படிக்கிற எடம். வக்கீலாத் திரும்பி வருவான். இன்னா சொல்றே?"

வேறு எந்தத் தகப்பனாக இருந்தாலும், ஆகட்டும் என்று அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பான். இல்லை, பையன் மனசு மதராஸில் இருக்கிறது என்று உள்ளதைச் சொல்லியிருப்பான். அமீர் பாஷாவின் கை தானாகத் தோள் துண்டுக்குப் போனது. "யோசிச்சு சொல்றேன் சாப்" என்றார்.

சாயங்காலமே அப்துல் வஹீதின் டேனரிக்கு நடந்தார். வஹீத் வயதில் சின்னவர், சீமைக்கு நேராகத் தோல் அனுப்புகிறவர். பேச்சோடு பேச்சாக ஹாஜி சாப் கேட்டதை அமீர் பாஷா எடுத்துவிட்டார்.

"வக்கீலாயி இன்னா பண்ணப் போறான்?" என்றார் வஹீத். "மதராஸ்ல ரசாயனம் படிக்கட்டும். பெரியமேட்டுல நம்ம கிடங்கு மாடில ரூம் காலியாத்தான் கீது. சாப்பாடு, காலேஜுக்குக் கட்டற சம்பளம் எல்லாம் என் பொறுப்பு. நம்ம தொழிலுக்கு அப்படி ஒருத்தன் வேணும்."

ராத்திரி வீட்டில் இதைக் கேட்டதும் ஆபித் சாப்பாட்டுத் தட்டை விட்டு எழுந்துவிட்டான். "அப்பா, சரின்னு இப்பவே போய்ச் சொல்லிட்டு வர்றேன்."

"உக்காருடா. இன்னும் ஏறும். ஹாஜி சாப் காதுல இது விழட்டும். அவரு இன்னும் ஜாஸ்தி செய்வார். அப்புறம் இவரு உன்னைச் சீமைக்கே அனுப்பறேன்னு வருவார், பாரு."

"எனக்குச் சீமை வேணாம்பா."

"சரக்கு தானா நடந்து போவாதுடா. ரெண்டு பேர் வீட்டுப் பக்கமும் நீ தலை காட்டக் கூடாது."

தனக்கென்று அவர் ஒரு தம்படிக்கு ஆசைப்படவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் பாவம். மகன் மேல் உயிரை வைத்திருந்தார். உயிரை வைத்த பொருளுக்கு உச்ச விலை வாங்காமல் விடுவது அவருக்குத் துரோகமாகப் பட்டது. அன்பு காட்ட அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

சேதியை ஹாஜி சாப் காதிலும் போட்டார். பிறகு வழக்கம்போல் வாயைத் தைத்துக்கொண்டார்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து முதலாளிகள் இருவரும் மசூதி வாசலில் சந்தித்துக்கொண்டார்கள். தோலுக்கு இருவரும் வெட்டுப்பழி குத்துப்பழியாகப் போட்டி போடுவார்கள், அது வியாபாரம். ஏழைப் பையனைப் படிக்க வைப்பது அல்லாவுக்காகச் செய்கிற காரியம். அதில் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு நிற்பது இருவருக்குமே வெட்கமாக இருந்தது.

"நீங்க கேட்ட பையன்னு தெரிஞ்சும் பேசிட்டேன், மன்னிக்கணும்" என்றார் வஹீத். "நீங்க பெரியவங்க. நீங்களே அனுப்புங்க சாப்."

"சேச்சே, அவனுக்கு மதராஸ்தான் இஷ்டம்னு சொல்றாங்க. நீயே வச்சுக்கோ" என்றார் ஹாஜி.

இப்படி மாற்றி மாற்றி விட்டுக்கொடுத்தார்கள். நெஞ்சோடு நெஞ்சு தழுவிக்கொண்டு, பையன் மற்றவரிடம் போய்விட்டான் என்ற நிம்மதியோடு இருவரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள். அதன் பிறகு அமீர் பாஷா வாயே திறக்காதது அந்த நிம்மதியை உறுதியாக்கியது.

"நீங்களே போய் ஒரு வார்த்தை கேளுங்களேன்" என்று அஜீஸுன்னிசா மன்றாடினாள்.

"போனா கம்மியாயிடும்."

ஒரு நாள் ஸ்டேஷன் பக்கம் போன அமீர் பாஷா, பிளாட்பாரத்தில் கூட்டத்தைப் பார்த்து நின்றார். பேரணாம்பட்டுப் பையன் ஒருவன் புது ஷெர்வானியும் கழுத்தில் மாலையுமாக அலிகர் போக வண்டிக்குக் காத்திருந்தான். பக்கத்தில் நின்ற ஹாஜி ஷபீ அஹமது இவரைக் கண்டதும் சந்தோஷமாக நெருங்கி வந்தார்.

"அமீர், ஆபித் மதராஸ்ல நல்லா கீறானா? ரூம்லாம் வசதிதானே?"

அமீர் பாஷா ஸ்டேஷனை விட்டு இறங்கினார். வாழ்க்கையில் முதல் தடவையாக வாங்குகிறவனைத் தேடி ஓடினார். மூச்சிரைக்க வந்து நின்றவரைப் பார்த்து வஹீத் திகைத்துப் போனார்.

"அவன் அலிகர் போய்ட்டான்னு இல்ல நெனச்சேன்! ரூமை கணக்குப்பிள்ளைக்குக் குடுத்துட்டேன். காலேஜ்ல சேக்கறதும் முடிஞ்சுபோச்சு. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" அவர் தோள் துண்டைப் பார்த்துவிட்டு வஹீத் மெதுவாகக் கேட்டார். "ரெண்டு பேர்கிட்டயும் காட்டிட்டு விலை ஏறட்டும்னு உக்காந்திருந்தியா? அவன் இன்னா தோலா?"

அமீர் பாஷா துண்டை எடுத்து முகத்தில் பொத்திக்கொண்டு அழுதார். வஹீத் நல்ல மனிதர், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். அடுத்த வருஷம் சீமையில் தோலைக் கேட்பார் இல்லை. வஹீதின் டேனரியில் பட்டைத் தொட்டிகள் காய்ந்து வெடித்தன, ஒரு நாள் கதவையும் சாத்திவிட்டார்கள். ஹாஜி சாப் அந்த வருஷம் முதலாவதாகத் தேறிய வேறொரு பையனை அனுப்பினார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். இங்கே வாய்க்கு அருகே வந்ததைக் கையே தட்டிவிட்டது.

ஆபித் மண்டிக்கு வந்தான். ஒரு நாளும் அப்பாவைக் குறை சொல்லவில்லை. நாலு வார்த்தை திட்டிவிட்டால் தேவலை என்று அமீர் பாஷா காத்துக்கொண்டே இருந்தார், அது நடக்கவே இல்லை. பட்டைத் தண்ணீரைப் பற்றியும் அவன் அப்புறம் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

அப்பாவுக்கு விரல்கள் நடுங்க ஆரம்பித்ததும் துண்டு மகன் தோளுக்கு வந்தது. கெட்டிக்காரத் தரகனாக வருவான் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவனோ துண்டுக்குள் முதலில் வந்த கையிடம், முதலில் சொன்ன விலைக்கே சரக்கை முடித்துவிடுவான். ஊர் சிரித்தது. தோல்காரர்கள் மெல்ல மெல்ல வேறு தரகர்களிடம் போனார்கள்.

ஒரு சந்தை நாளில் நல்ல ஆட்டுத் தோல் வந்து இறங்கியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அமீர் பாஷாவால் பொறுக்க முடியவில்லை. "இன்னொருத்தர்கிட்ட காட்டுடா. ஜாஸ்தி வரும்."

"வேணாம்பா" என்றான் ஆபித். கோபமே இல்லாமல்தான் சொன்னான். "கேக்கறவங்க இருக்கும்போதே குடுத்துடலாம்."

துண்டை விரித்தான். அன்றைக்கு மண்டியில் கேட்பதற்கு இன்னும் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.