மாற்றுச் சம்பந்தமும் நாலாவது ராணியும்

எங்களுடையது மாற்றுச் சம்பந்தம். நான் இவரைக் கட்டி யாழ்ப்பாணத்திலிருந்து வெளிநாட்டில் இவர் இருக்கும் ஸ்காபரோவுக்கு வருவது, பிறகு பக்கத்து ஊரான அஜக்ஸில் இருக்கும் இவருடைய தங்கை என் அண்ணனைக் கட்டி அவனை இங்கே எடுப்பது என்று இரண்டு வீட்டுப் பெரியவர்களும் பேசி முடித்திருந்தார்கள். நான் வந்து ஒன்பதாவது மாதம் அண்ணன் போன் எடுத்தான்.

"எனக்கு உந்தக் கல்யாணம் வேண்டாம். இஞ்சை ஒருத்தியை விரும்பிறன். மச்சானுக்கு நீயே பக்குவமாச் சொல்லிவிடு."

பெரிய வீரன்! குண்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டான்.

அடுத்த நாள் அஜின்கோர்ட்டில் நான் படிக்கும் பெரியவர்களுக்கான பள்ளிக்கூடத்தில் சரித்திர வகுப்பு. ஆறு பெண்களைக் கட்டிய ஆங்கிலேய ட்யூடர் அரசனைப் பற்றிய பாடம். சரியான பொம்பிளைப் பித்தன் என்றுதான் அவனை நினைத்திருந்தேன். அது மட்டுமில்லை, சில கல்யாணங்களுக்குப் பின்னால் ஒரு வெளிநாட்டுக் கணக்கும் இருந்தது என்றார் ஆசிரியை. முதல் மனைவி ஸ்பெயினின் நட்புக்காக வந்தவள். பிறகு பிரான்சும் ஸ்பெயினும் கைகோத்துக்கொண்டதும் பயந்துபோய், துணைக்கு ஆள் தேடி, ஒரு ஜெர்மன் சிற்றரசனின் சகோதரியை நாலாவதாகக் கட்டினான். பார்த்ததுமே அவளைப் பிடிக்கவில்லை. ஆனாலும் உறவு முறியக்கூடாது என்று கட்டினான். அரை வருடத்தில் பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் இருந்த சிநேகிதம் கசந்தது. ஜெர்மன் துணை தேவைப்படவில்லை. கல்யாணம் செல்லாது, இனி நீ எனக்குத் தங்கை என்று வீடு வளவு கொடுத்து அவளை ஒதுக்கிவிட்டானாம்.

வகுப்பே சிரித்தது. கணக்குப் பிசகினால் பெண்டாட்டியும் வேண்டாமோ என்று எனக்குள் ஓடியது.

இங்கே நிரந்தரமாக இருக்கலாம் என்ற பி.ஆர். கார்ட் கையில் இருந்தது. நாட்டை விட்டு என்னை யாரும் அனுப்ப முடியாது, வீட்டை விட்டு அனுப்பலாமே. அதைவிட, இந்த மனுசனை எனக்குப் பிடித்துப்போயிருந்தது. அதுதான் பெரிய பயம்.

மூன்று நாள் வாயே திறக்கவில்லை. கறிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டேன். அவர் ஒரு சொல் பேசாமல் சாப்பிட்டு எழும்பினார். அஜக்ஸிலிருந்து விஷயம் வந்துவிட்டது, என்னை என்ன செய்வதென்று யோசிக்கிறார் என்று முடிவுகட்டினேன். சனிக்கிழமை பின்னேரம் கட்டிடத்தின் லோண்ட்ரி அறையில் இருவரும் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, இனித் தாங்காதென்று தோன்றி அவரிடம் சொல்லிவிட்டேன்.

"அண்ணை மாட்டனெண்டிட்டார்."

அவர் துவாயைக் கீழே வைத்தார்.

"தங்கச்சியும் மாட்டனெண்டு போன மாசமே சொல்லிப்போட்டாள். உம்மட்டைச் சொல்லப் பயமா இருந்தது. பேச்சு முறிஞ்சா நீர் போயிடுவீர் எண்டு நினைச்சன்."

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. ஒரு மாதமாக இந்த ஆள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்!

"இருப்பீரோ?" என்று கேட்டார்.

கல்யாணத்துக்கு முதல்கூட என்னிடம் யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்கவில்லை. "ஓம்" என்றேன். அவர் கீழே வைத்த துவாயை எடுத்து மடித்தேன்.