தட்டினால் துள்ள வேண்டும்

சித்தி தன் வேலைக்காலத்தின் முதல் பாதியில் இறால்களைக் கொன்றாள். இரண்டாம் பாதியில் அவற்றைக் காப்பாற்றினாள். இரண்டுக்கும் சம்பளம் கொடுத்தது ஒரே அரசாங்கம்தான்.

கொன்றது நரம்பு ஆராய்ச்சிக்காக. இறாலுக்குள் நீளமாக ஒரு தடித்த நரம்பு ஓடுகிறது. ஆபத்து என்றால் அது ஒரு முறை துடிக்கும். உடனே இறால் வாலை மடக்கிப் பின்பக்கமாகப் பாயும். அந்த நரம்பை அறுபடாமல் உருவி எடுப்பதில் சித்தியை மிஞ்ச ஆளில்லை. ஆனால் நரம்பால் நாட்டுக்கு என்ன லாபம் என்று ஒருநாள் மேலிடம் கேட்டது. அந்தப் பிரிவை மூடிவிட்டு, அவளை இறால் வளர்ப்பு நோய்ப் பிரிவுக்கு மாற்றினார்கள்.

"கசாப்புக் கடைக்காரரை ஆஸ்பத்திரிக்கு மாத்தின மாதிரி இருக்கு," என்றார் புதிய பிரிவின் தலைவர், சித்தி காதுபடவே.

சித்தி கையோடு கொண்டுபோனது ஒரு யோசனை. நோய்ப் பரிசோதனையின் முடிவு வருவதற்குள் பாதித் தொட்டி செத்து மிதந்துவிடும். அதற்குப் பதில் தொட்டிச் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தால் என்ன? நல்ல இறால் துள்ளும், சீக்கு இறால் சும்மா கிடக்கும். இரண்டு மூன்று பண்ணைகளில் இது பலித்தது. கசாப்புக் கடைக்காரர் என்ற பேச்சு நின்றது.

எல்லோரும் 'அவசரம்' என்று கூப்பிடும் பண்ணைக்காரர் ஒருவர் இருந்தார். லாரியை விற்றுத் தொட்டி கட்டியவர். போன தடவை வளர்த்ததெல்லாம் நோயில் போய்விட்டது. இந்தத் தடவையும் போனால் தொட்டிகளையும் விற்க வேண்டியதுதான். சித்தி அவருக்குத் தட்டக் கற்றுக்கொடுத்தாள். சில வாரம் கழித்து போன் வந்தது.

"மேடம், ஒண்ணுகூட அசைய மாட்டேங்குது!"

சித்தி போய் ஒவ்வொரு தொட்டியாகத் தட்டினாள். எதிலும் ஒன்றும் துள்ளவில்லை. "நாளைக்கே வலை போட்டுடுங்க. விட்டா இருக்கறதும் மிஞ்சாது," என்றாள். இறால் அப்போது பாதி வளர்த்திதான். வந்த விலைக்குத் தள்ள வேண்டும். அவசரம் ஐஸ் லாரிக்குச் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் காலை சித்தி பல் துலக்கிக்கொண்டு அந்தத் தொட்டிகளையே நினைத்துக்கொண்டிருந்தாள். சித்தப்பா சமையலறையிலிருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போய் எதிரில் வந்து நின்றார்.

"கல்யாணமான புதுசுல நான் இருமினாக்கூட ஓடி வருவ. இப்ப தொண்டை கிழியக் கத்தறேன், திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கற. என் சத்தம் அவ்வளவு பழகிப்போச்சா?"

சித்தி வாய் நுரையோடு, "வண்டிய எடுங்க," என்றாள்.

பண்ணையில் வலையை விரித்துக்கொண்டிருந்தார்கள்.

"நிறுத்துங்க! ஒரு நாளைக்கு எத்தனை தடவை தட்டுவீங்க?"

"கணக்கெல்லாம் எதுக்கு மேடம்? போறப்ப தட்டுவேன், வர்றப்ப தட்டுவேன். நான் சாப்பிடப் போனா வீட்டம்மா தட்டுவா. நடுவுல மச்சான் வந்து தட்டுவான். நீங்க சொன்னதுல ஒரு குறையும் வைக்கலைங்க."

தட்டிக்கொண்டே இருந்தால் இறாலுக்கு அது பழகிவிடும், பிறகு தட்டினால் துள்ளாது; வேறு மாதிரி தொட்டால்தான் துள்ளும். சித்தி டாக்டர் பட்டம் வாங்கியதே இதை நிரூபித்துத்தான்.

வேலியோரம் கிடந்த குச்சியை எடுத்து ஓர் இறாலின் மீசையைத் தொட்டாள். அது பாய்ந்த பாய்ச்சலில் அவசரத்தின் சட்டை நனைந்தது. அடுத்த தொட்டி, அதற்கடுத்தது, எல்லாவற்றிலும் அதே துள்ளல். அவசரம் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"ஐஸ் உருகுதுங்க, ஏத்தறதா வேண்டாமா?" என்றார் லாரிக்காரர்.

"வேண்டாம். சீக்கு ஒண்ணும் இல்ல," என்ற சித்தி அவசரத்திடம் திரும்பினாள். "தப்பு என்னோடது. தட்டுங்கன்னு சொன்னேன், எப்ப நிறுத்தணும்னு சொல்லாம விட்டுட்டேன்."

இறால் முழுசாக வளர்ந்து நல்ல விலைக்குப் போனது. அவசரம் பார்த்தவரிடமெல்லாம் ஒரே கதையைச் சொன்னார்: "செத்த மாதிரிதான் கிடந்துச்சு. மேடம் வந்து ஒரு குச்சியால தொட்டாங்க. அத்தனையும் எந்திரிச்சிருச்சு!"

அதன்பிறகு பண்ணைக்காரர்கள் அலுவலகத்துக்கே வர ஆரம்பித்தார்கள். சித்தி அவர்களை உட்காரவைத்து, அது வெறும் குச்சி, பிசகியது தன் புத்தி என்று நரம்புப் படம் போட்டு விளக்குவாள். போன வாரம் ஒருவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டு, தலையாட்டி, எழுந்து கும்பிட்டார்.

"பெரிய படிப்பு படிச்சவங்க இப்படித்தான் அடக்கமா பேசுவீங்க. எங்க தொட்டிக்கு எப்ப வர்றீங்க மேடம்?"